மூவாயிரம் கிலோ மயக்கம்

"சின்ன வண்டிதானே, பர்மிட்டே வேண்டாம். ஆர்.சி.யும் லைசென்ஸும் இருந்தால் காஷ்மீர் வரைக்கும் போகலாம்." மினி லாரி ஸ்டாண்டில் இதைக் கேட்கலாம். புக்கிங் ஆபீசில் கேட்கலாம். வண்டி விற்கும் ஷோரூமிலேயே, முன்பணம் கட்ட வந்தவனிடம் இதைச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்கள். 2005-இல் டாடா ஏஸ் வந்து நம் ஊரில் 'குட்டி யானை' என்று பெயர் எடுத்தது. அன்று தொடங்கிய பேச்சு இன்று வேதவாக்காகிவிட்டது. அதை நம்பிக் கடன் வாங்கி, ஒற்றை வண்டியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர்கள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால்தான் இந்தப் பேச்சை ஏதோ அறியாமை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை.

இதில் ஒரு துளி உண்மை இருப்பதுதான் ஆபத்து. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 66, சரக்கு வண்டிக்குப் பர்மிட் கட்டாயம் என்கிறது. அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு விலக்கு தருகிறது. மத்தியச் சட்டம் என்பதால் ஓசூரைத் தாண்டினாலும் வாளையாறைத் தாண்டினாலும் அந்த விலக்கு செல்லும். 3,000 கிலோவுக்கு உட்பட்ட வண்டியை நிறுத்தி "பர்மிட் எங்கே?" என்று மிரட்டும் அதிகாரி செய்வது தவறு. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் எது 3,000 கிலோ? இங்கேதான் முதல் சறுக்கல். நம் ஆட்கள் வண்டியை ஏற்றும் சுமையால்தான் அழைப்பார்கள்: ஒரு டன் வண்டி, ஒன்றரை டன் வண்டி. சட்டம் பார்ப்பது அதை அல்ல. வெறும் வண்டியின் எடையும், ஏற்ற அனுமதிக்கப்பட்ட சுமையும் சேர்ந்த மொத்த எடையைத்தான் பார்க்கிறது. வெறும் வண்டி 1,700 கிலோ, சுமை 1,700 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டுகிறவர் மனதில் அது 'ஒண்ணே முக்கால் டன் வண்டி'. மூன்று டன் கணக்குக்கு வெகு கீழே. ஆர்.சி.யில் இருப்பதோ 3,400 கிலோ. அந்த வண்டிக்குப் பர்மிட் வேண்டும். முகப்பு ஒன்று, பெயர் ஒன்று, கேபின் ஒன்று. ஆனால் ஒரே பிக்கப் குடும்பத்தில் ஒன்று விலக்குக்குள்ளும் அடுத்தது வெளியேயும் இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டிக்கு வேண்டாம் என்றால் நம் வண்டிக்கும் வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. ஆர்.சி. அட்டையில் லேடன் வெயிட் என்று அச்சடித்த எண்தான் பேசும்.

தாண்டியது நூறு கிலோவானாலும் தாண்டியதுதான். தமிழ்நாட்டுப் பர்மிட் தமிழ்நாட்டுக்கு மட்டும். எல்லை கடக்க நேஷனல் பர்மிட் வேண்டும். அல்லது அடுத்த மாநிலத்தின் மேலொப்பம் வேண்டும். இரண்டும் இல்லையென்றால் டெம்பரரி பர்மிட் போட வேண்டும். அதன் ஆயுள் அதிகபட்சம் நான்கு மாதம். பர்மிட் இல்லாமல் பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு பத்தாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை.

"வாடகைக்கு ஓட்டலை, என் சொந்தச் சரக்கு" என்று சிலர் சொல்வார்கள். "காலி வண்டிதான் சார்" என்று வேறு சிலர். இந்த இரண்டும் எடுபடாது. சரக்கு ஏற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. சரக்கு வண்டியாகப் பதிவானால் அது சரக்கு வண்டிதான்.

சரி, நிஜமாகவே 3,000 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு வருவோம். பர்மிட் வேண்டாம். மற்ற காகிதங்கள்? விலக்கு கிடைத்தது ஒன்றே ஒன்றுக்கு. நம் ஆட்கள் அதை எல்லாவற்றுக்கும் நீட்டிக்கொண்டார்கள். எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றை எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். குட்டி யானைக்கும் அதே கணக்குதான். பிரிவு 56 சொல்வது இன்னும் கடுமை: எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. 'ஆர்.சி. இருக்கு' என்று நெஞ்சை நிமிர்த்துகிறவரின் கையில் உள்ள ஆர்.சி., எஃப்.சி. காலாவதியான அன்றே உயிரிழந்துவிடுகிறது.

வரி இன்னொன்று. பர்மிட் மத்தியச் சட்டத்தின் சங்கதி. வண்டி வரி அரசியல் சாசனத்தின் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஒன்றில் கிடைத்த விலக்கை மற்றதில் காட்ட முடியாது. "நாடு முழுக்க வணிகம் சுதந்திரம் என்று சாசனமே சொல்கிறதே" என்று 301-ஆம் பிரிவைக் காட்டுகிற படித்தவர்களும் இருக்கிறார்கள். அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. அஜ்மீரிலிருந்து ராஜஸ்தானுக்குள் ஓடிய வண்டிகளுக்கு ராஜஸ்தான் வரி கேட்டது செல்லும் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2016-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு வேறு காரணங்களைச் சொன்னாலும், பாகுபாடு காட்டாத வரி அந்தச் சுதந்திரத்துக்கு விரோதமல்ல என்பதில் தெளிவாக இருந்தது. பதிவிலும் இதே மயக்கம்தான். கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வண்டிகள் பெங்களூரிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் ஓடுகின்றன. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் அங்கே வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவெண் வாங்க வேண்டும் என்பதை அவர்களிடம் யார் சொன்னார்கள்?

ஒட்டன்சத்திரம் சந்தையில் ராத்திரி லோடு ஏறும்போது நின்று பாருங்கள். கேரளத்துக்குப் போகும் முருங்கையும் தக்காளியும் வெண்டையும் பெரிய லாரிகளில் மட்டும் போவதில்லை. பிக்கப்புகள் வரிசைகட்டி நிற்கும். விடியற்காலைக் கடைக்குச் சேர்த்தாக வேண்டும். ஓட்டுநரின் கண் கடிகாரத்தில் இருக்கும். காகிதத்தைப் பற்றிக் கேட்டால், "காய்கறிக்கு ஈ-வே பில் கிடையாது, ஜி.எஸ்.டி. வந்ததும் செக்போஸ்ட்டே எடுத்தாச்சு" என்பார். முதல் பாதி சரி. பச்சைக் காய்கறிக்கு ஈ-வே பில் தேவையில்லை. ஆனால் 2017-இல் எடுக்கப்பட்டவை வணிக வரிச் சாவடிகள். அவை சரக்கைப் பார்த்தவை. போக்குவரத்துத் துறை பார்ப்பது வண்டியை. அதே வண்டி திரும்பி வரும்போது ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பிளாஸ்டிக் சாமானை ஏற்றி வந்தால் ஈ-வே பில் கட்டாயம். பில் போடாதது வியாபாரி. ஆனால் சரக்கோடு சேர்த்து நிறுத்தி வைக்கப்படுவது வண்டி. வியாபாரி போனை எடுக்க மாட்டார். வண்டிக்காரர் சாலையோரத்தில் கிடப்பார். அந்த மாதத் தவணை மட்டும் நிற்காது.

அண்மையில் இந்த மயக்கத்துக்குப் புது உரம் கிடைத்தது. 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இலகுரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் தனிக் குறிப்பு இல்லாமல் ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. உழைக்கும் ஓட்டுநர்களுக்கு அது பெரிய நிம்மதி. நான் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் அது லைசென்ஸ் பற்றிய தீர்ப்பு. "ஏழரை டன் வரைக்கும் ஒண்ணும் வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு" என்று அதைத் திரித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறவர்கள் யாருக்கு நல்லது செய்கிறார்கள்? ஓட்டுகிறவனின் தகுதி வேறு, வண்டியின் அனுமதி வேறு.

அபராதத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். விபத்து நடந்தால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. 2018-இல் அம்ரித் பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், பர்மிட் இல்லாமல் பொதுச் சாலையில் வண்டியை ஓட்டுவது அடிப்படையான சட்ட மீறல் என்றது. இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்ற உத்தரவு அதில் உறுதியானது. இதை வீட்டுக் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆண்டு தவறாமல் பிரீமியம் கட்டியிருக்கிறார். அடிபட்டவர் சம்பாதிக்கும் வயதில் இறந்துபோனால் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை பல லட்சத்தில் போகும். அந்தத் தொகைக்குக் கம்பெனி இவர் வீட்டுக் கதவைத் தட்டும். வண்டியை விற்றாலும் காணாது. அப்போது "பர்மிட்டே வேண்டாம்" என்று சொன்ன ஷோரூம்காரர் வந்து பங்கு போட மாட்டார்.

"கேட்டால் ஐந்நூறைக் கொடுத்துவிட்டுப் போகலாம்" என்பது கடைசி வாதம். எல்லைச் சாவடிகளில் லஞ்ச ஒழிப்புத் துறை சோதனை நடத்துவதும், கணக்கில் வராத பணம் சிக்குவதும் செய்தித்தாள் படிக்கும் எவருக்கும் தெரியும். அந்தப் பணத்தின் ஊற்று எங்கே இருக்கிறது? எந்தக் காகிதம் வேண்டும், எது வேண்டாம் என்று தெரியாத ஓட்டுநரின் பயத்தில்தான் இருக்கிறது. விவரம் தெரிந்த வண்டிக்காரர் "இது 2,900 கிலோ, பர்மிட் விலக்கு, இதோ எஃப்.சி., இதோ வரி ரசீது" என்று நீட்டினால் பேரம் பேச இடமில்லை. "ஒன்றும் வேண்டாம்" என்ற நம்பிக்கைதான் அந்த மாமூலுக்குப் பாய் விரிக்கிறது. காகிதம் எடுக்காமல் மிச்சம் பிடித்ததாக நினைக்கும் காசு, நடை நடையாக வேறு பையில் போய்ச் சேர்கிறது.

அரசை நான் தப்பவிடப் போவதில்லை. நேஷனல் பர்மிட்டின் ஒருங்கிணைந்த கட்டணம் ஆண்டுக்கு 16,500 ரூபாய். மூன்றரை டன் பிக்கப்புக்கும் அதே தொகை, பதினாறு சக்கர லாரிக்கும் அதே தொகை. வாரத்தில் இரண்டு நடை பாலக்காடு போய்வருகிறவர் இதை எப்படித் தாங்குவார்? எடைக்கு ஏற்ற கட்டணம் வைத்தால் பாதிப் பேர் தாமாகவே வரிசையில் வந்து கட்டுவார்கள். ஆர்.சி. அட்டையின் முகத்திலேயே 'பர்மிட் தேவை' அல்லது 'பர்மிட் விலக்கு' என்று தமிழில் அச்சடிக்க ஒரு வரி போதும். விற்கும்போதே இதை எழுத்தில் கொடுக்க ஷோரூம்களைக் கட்டாயப்படுத்தலாம். அதுவரை வண்டிக்காரர்களின் சங்கங்களாவது தங்கள் உறுப்பினர்களின் ஆர்.சி.யை வாங்கி, அந்த லேடன் வெயிட்டை வாசித்துச் சொல்லட்டும்.