கட்டி சிறுத்தால் போதுமா?

தோட்டத்துப் பெற்றோர்களே,

பிறந்த பிள்ளையின் கழுத்திலோ அக்குளிலோ மெத்தென்று ஒரு வீக்கம் இருந்தால், லயத்தில் முதல் கேள்வி தாய்க்குத்தான் வருகிறது: "மாசமா இருந்தப்போ கிரகணம் பார்த்தியா?" இந்தப் பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். இதில் தாயின் குற்றம் எதுவும் இல்லை.

நம் உடம்பில் இரத்தக் குழாய்களைப் போல நிணநீர்க் குழாய்களும் ஓடுகின்றன. கருவிலே அவை ஓரிடத்தில் சரியாக அமையாவிட்டால், பை பையாக நீர் கோத்துக்கொள்ளும். அதுதான் இந்த வீக்கம். இது புற்றுநோய் அல்ல, ஒட்டுவாரொட்டியும் அல்ல. பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் தெரிந்துவிடும். சளி, காய்ச்சல் கண்டாலோ உள்ளே இரத்தம் கசிந்தாலோ திடீரென்று பெருக்கும். ஆகவே அமுக்காதீர்கள், பற்றுப் போடாதீர்கள், சூடு வைக்காதீர்கள்.

வைத்தியம் உண்டு. பைகள் பெரிதாக இருந்தால், நீரை உறிஞ்சிவிட்டு ஊசி வழியே மருந்து செலுத்திச் சுருங்க வைப்பார்கள். ஜப்பானிய மருத்துவர் ஒகீதாவின் குழுவினர் 1987இல் இப்படி ஒரு முறையை வெளியிட்டார்கள். பொடிப் பைகளாக நாக்கிலும் வாயிலும் பரவியிருந்தால் ஊசிக்கு அவ்வளவு சுலபத்தில் அடங்காது. அறுத்தாலும் நரம்புகளுக்கு நடுவே முழுவதும் எடுக்க முடியாமல் திரும்ப வரலாம். சில பிள்ளைகளுக்கு இப்போது சிரோலிமஸ் என்ற மருந்தும், இரத்தப் பரிசோதனையோடு, கொடுக்கப்படுகிறது.

ஆக, பல பிள்ளைகளுக்கு இது ஒரே ஒப்பரேஷனில் முடிகிற காரியமல்ல. ஆனால் நாமோ "கட்டி எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று மட்டும் கேட்கிறோம். அது போதாது என்பதே என் கருத்து. பிள்ளை வலியில்லாமல் தூங்குகிறதா? சோறு தொண்டையில் இறங்குகிறதா? பேச்சு புரிகிறதா? பள்ளிக்கூடத்துக்குச் சிரித்த முகத்தோடு போகிறதா, அல்லது படம் பிடிக்கும்போது கழுத்தை மறைத்துக்கொள்கிறதா? இவற்றை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கொஞ்சம் வீக்கம் மிச்சமிருந்தும் ஓடியாடி விளையாடும் பிள்ளைக்கு இன்னொரு கத்தி தேவைப்படாமல் போகலாம். தழும்போடு ஒதுங்கி நிற்கிற பிள்ளைக்கோ வைத்தியம் இன்னும் முடியவில்லை. வகுப்பாசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கேலியை முளையிலேயே கிள்ளலாம்.

செபராங் ஜெயா மருத்துவமனை நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து தேவைப்பட்டால் பாலம் தாண்டி ஜோர்ஜ்டவுனில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். குடிமக்களுக்கு அரசாங்க நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளிதான் கட்டணம். ஆனால் கூட்டிக்கொண்டு போகும் அப்பாவோ அம்மாவோ அன்றைய சம்பளத்தை இழக்கிறார்களே, அதுதான் பெரிய கட்டணம்! 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் தருகிற நோய் விடுப்பு தொழிலாளியின் சொந்த நோய்க்கு மட்டுமே. பிள்ளையின் நோய்க்கு இல்லை. 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித்தரும்படி எழுதிக் கேட்கலாம். 60 நாளுக்குள் நிர்வாகம் எழுத்தில் பதில் தர வேண்டும். கேட்கத்தான் உரிமை, கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. நாள்பட்ட நோயுள்ள பிள்ளையின் பெற்றோருக்குச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு வேண்டும் என்பது கூட்டு ஒப்பந்தப் பேச்சில் நம் கோரிக்கையாக வேண்டும். கிளைக் கூட்டத்தில் இதை எழுப்புங்கள்.

ஒன்றை மறவாதீர்கள்: வீக்கம் திடீரென்று பெருத்தாலும், மூச்சு இரைந்தாலும், விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள்.