நாற்பதுக்குப் பின்னும் ஓடலாம்

ஊரில் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் முதலில் வருவது மரதன் ஓட்டம். வீதியோரம் தேசிக்காய்த் தண்ணீரோடு சனம் நிற்கும். முந்தவேண்டும், இல்லத்துக்குப் புள்ளி சேர்க்கவேண்டும் என்பதே ஓடுபவரின் நோக்கம். பாடசாலை முடிய அந்த நோக்கமும் முடிந்துவிடும். பிறகு நாம் பஸ் பிடிக்க மட்டுமே ஓடினோம்.

அதனால்தான் இங்கே நரைத்த தலையோடு மழையில் ஓடும் டெனிஷ்காரரைக் கண்டால், "இவருக்கு யார் பரிசு கொடுக்கப் போகிறார்கள்?" என்று கேட்கிறோம்.

வயதோடு ஓடும் காரணமும் மாறும். இந்நாட்டு மன்னர் பிரெடெரிக், இளவரசராக இருந்த 1992இல் கொப்பன்ஹேகன் மரதனை 3 மணி 22 நிமிடங்களில் ஓடி முடித்தார். 2018இல் தமது 50ஆவது பிறந்தநாளையொட்டி ஒரே நாளில் ஐந்து நகரங்களில் மக்களோடு ஓடினார். இளமையில் நேரத்தோடு போட்டி. ஐம்பதில் கூட ஓடுபவர்களே முக்கியம்.

முதுமையில் காரணம் இன்னும் ஆழமானது. பஞ்சாபிலிருந்து லண்டன் வந்த பௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்தை ஆற்றவே ஓடத் தொடங்கினார். 2000இல் தமது 89ஆவது வயதில் லண்டன் மரதனை ஓடினார். 2011இல் ரொறன்ரோ மரதனையும் முடித்தார். அப்போது அவருக்கு வயது 100.

"பெண்பிள்ளை, அதுவும் இந்த வயதில் ஓடினால் நாலுபேர் என்ன சொல்லுவினம்?" என்பவர்களுக்கு முல்லைத்தீவிலிருந்தே பதில் உண்டு. முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி சிறிசெயானந்தன், 2023இல் பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்திலும் 5000 மீற்றர் வேகநடையிலும் தங்கம் வென்றார். வயது 72.

எமக்கும் காரணங்கள் இல்லாமலில்லை. தெற்காசியரான எமக்கு நீரிழிவு ஐரோப்பியரை விட இளவயதிலேயே வருகிறது. இருண்ட மாரியில் வீட்டுக்குள் அடைபட்டால் மனமும் சோர்கிறது. ஊரிலிருந்து வந்த தாய் தகப்பனுக்குத் தனிமை வேறு.

பிள்ளைகளை உதைபந்தாட்டப் பயிற்சிக்குக் கூட்டிப்போய், முடியும்வரை மைதான ஓரத்தில் குளிரில் விறைத்து நிற்கிறோம். அந்த ஒரு மணி நேரத்தில் மைதானத்தைச் சுற்றி நடக்கலாம். பழக மெதுவாக ஓடலாம். வருத்தமுள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். இருட்டில் ஒளிதெறிக்கும் பட்டி அணியுங்கள். அயலிலுள்ள ஓட்டக் கழகத்தில் விசாரித்துப் பாருங்கள். சேர்ந்து ஓடினால் வகுப்பில் படித்த டெனிஷ் மொழிக்கும் வாய் திறக்கும்.