மண்ணுக்குத் தாகம் தீர்ந்த பிறகு

பலத்த மழை என்றாலே எனக்கு 2021 டிசம்பர் 18, அந்தச் சனிக்கிழமைதான் ஞாபகம் வரும். ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை கோலாலம்பூரில் ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியது. டெங்கிலிலும் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. எந்தச் சாலை மூடியிருக்கிறது, எங்கே நிவாரண மையம் திறந்திருக்கிறது என்று வானொலியில் வாசித்து வாசித்தே தொண்டை கட்டிப்போனது.

அதனால் டெங்கிலில் சொந்த நிலத்தில் வீடு கட்டப்போவதாக அண்ணன் சொன்னபோது, நான் முதலில் கேட்டது இதைத்தான்: “மழைத்தண்ணி எந்தப் பக்கம்ணே ஓடும்?”

“அதெல்லாம் குத்தகையாளர் பார்த்துக்குவாரு, நீ கவலப்படாதே.”

குத்தகையாளரிடம் ஒரு திட்டம் இருந்தது. பின்பக்கம் 2 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழத்தில் ஓர் உறிஞ்சுகுழி. உள்ளே கருங்கல் ஜல்லி. கூரைத் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும், மண் குடித்துவிடும். “லோங்காங் வரைக்கும் குழாய் போடுற செலவு மிச்சம்” என்றார். நம்பிக்கை வருவதற்காக, நண்பகல் வெயிலில் ஒரு சின்னக் குழி தோண்டி ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். பத்து நிமிடத்தில் காணோம். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

வேலிக்கு அந்தப் பக்கம் பின்வீட்டு மக்சிக் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வீடு எங்கள் நிலத்தைவிட ஒரு மீட்டர் தாழ்வு. 2021 வெள்ளத்தில் குளிர்சாதனப் பெட்டி, மெத்தை, கல்யாணப் படங்கள் எல்லாம் போனதாகச் சொன்னார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்: “ஆயேர் நந்தி பெர்கி மானா?” தண்ணி அப்புறம் எங்கே போகும்?

எங்கள் மூவருக்கும் பதில் தெரியவில்லை.

கல்லூரித் தோழியின் அக்கா சிவில் பொறியாளர். அடுத்த வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வாளிக் கதையைக் கேட்டதும் சிரித்தார். “காய்ஞ்ச மண்ணு முதல்ல மடமடன்னுதான் குடிக்கும். அது தாகம். தாகம் தீர்ந்த பிறகு எவ்வளவு குடிக்குதுன்னு பார்க்கணும். பெரிய மழை வர்ற அன்னிக்கு மண்ணு ஏற்கெனவே நனைஞ்சுதான் இருக்கும்.”

அவர் செய்த சோதனையில் பெரிய கருவி எதுவும் இல்லை. உறிஞ்சுகுழி வரப்போகும் இடத்தில், அதன் அடிமட்டம் எந்த ஆழமோ அந்த ஆழத்தில், இரண்டு குழிகள். மேல்மண்ணில் வேரும் புழுத்துளையும் இருக்கும், அதைச் சோதித்தால் ஏமாந்துபோவோம் என்றார். குழியின் பக்கங்களைச் சுரண்டிவிட்டார், மண்வெட்டி வழித்த களிமண் பூச்சுப்போல அடைத்துக்கொள்ளுமாம். முதல் நாள் மாலை நீர் நிரப்பி இரவெல்லாம் ஊறவிட்டோம். மறுநாள் காலை மறுபடி நிரப்பி, ஓர் அளவுகோலை நட்டு, அரைமணிக்கு ஒரு தடவை குறித்தோம். கடைசி மூன்று அளவுகளும் ஒன்றுபோல வரும்வரை நிறுத்தக் கூடாது.

ஒரு குழியில் அரைமணிக்கு 4 மில்லிமீட்டர் இறங்கியது, இன்னொன்றில் 3. அதாவது மணிக்கு 8, மணிக்கு 6. குழியின் பக்கவாட்டிலும் தண்ணீர் கசியும் என்பதால், அடிமண் மட்டும் குடிக்கும் வேகம் இதைவிடக் குறைவு. அதைத் துல்லியமாகப் பார்க்க ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு இரும்பு வளையங்களை மண்ணில் இறக்கி அளக்கிறார்கள். வெளிவளையத்து நீர் பக்கவாட்டுக் கசிவை ஈடுகட்டும், உள்வளையத்தில் நேராக இறங்குவது மட்டும் கணக்கு.

நம் நாட்டில் மழைநீர் வடிகாலுக்கு ‘மஸ்மா’ என்ற கையேடு உண்டு. வடிகால், நீர்ப்பாசன இலாகா 2000-இல் வெளியிட்டது, 2012-இல் இரண்டாம் பதிப்பு வந்தது. உறிஞ்சுகுழி வேண்டுமானால் மண் மணிக்கு 13 மில்லிமீட்டராவது குடிக்க வேண்டும் என்கிறது அது. மணல் என்றால் மணிக்கு 210 வரை போகும். சுத்தக் களிமண் அரை மில்லிமீட்டரோடு நின்றுவிடும்.

அக்கா ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டார். கூரை 150 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 60 மில்லிமீட்டர் மழை என்றால் 9,000 லிட்டர். குழியின் கொள்ளளவு 6,000 லிட்டர், ஆனால் ஜல்லி போட்ட பிறகு இடைவெளியில் நிற்பது ஏறக்குறைய 2,100 லிட்டர்தான். அடிப்பரப்பு 4 சதுர மீட்டர், மணிக்கு 6 மில்லிமீட்டர் இறங்கினால் 24 லிட்டர். நிரம்பிய குழி வற்ற மூன்றரை நாளுக்கு மேல். பக்கச்சுவர் கொஞ்சம் குடித்தாலும், நாளை மறுபடி மழை வந்தால் குழி நிரம்பித்தான் கிடக்கும். மீதி எங்கே போகும்? மக்சிக் வீட்டுச் சமையலறைக்கு.

அண்ணன் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டெங்கிலில் ஓர் இடத்து மண்ணை வைத்து இன்னோர் இடத்தைச் சொல்ல முடியாது. பாயா இண்டா ஈரநிலம் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம். சுரங்கம் தோண்டிய நிலத்தில் ஒரு பக்கம் மணல், பத்தடி தள்ளிச் சேறு. ஆற்றோரம் களிமண், கீழே நிலத்தடி நீரும் மேலாகவே நிற்கும். போதாக்குறைக்கு, மண்வாரி இயந்திரமும் லோரியும் ஏறி இறங்கினால் நல்ல மண்ணும் இறுகிவிடும். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். சென்னை பெசன்ட் நகரின் கடலோர மணலில் சுலபமாக வேலை செய்யும் அதே குழி, களிமண் பகுதியில் திணறும். குறை குழியில் இல்லை, மண்ணைக் கேட்காமல் தோண்டியதில்.

இப்போது அண்ணன் வீட்டுத் திட்டம் மாறிவிட்டது. கூரைத் தண்ணீர் ஒரு தொட்டியில் தேங்கி, சின்னத் துவாரம் வழியாக மெதுவாக முன்பக்க லோங்காங்குக்குப் போகும். பின்பக்கம் சிமெண்ட் போடாமல் புல். வேலியோரம் ஓர் ஓடை. செலவு கூடியதில் அண்ணிக்கு வருத்தம், சமையலறை அலமாரி அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

வீடு கட்டும் அன்பர்களே, குத்தகையாளர் உறிஞ்சுகுழி என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த ஆழத்தில் சோதித்தீர்கள்? ஊறவைத்த பிறகு அளந்தீர்களா? குழி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் யார் வீட்டுப் பக்கம் ஓடும்? இரண்டு வாளித் தண்ணீரும் ஓர் இரவும்தான் செலவு. முடிவைப் பொறியாளரிடம் காட்டி, நகராண்மைக் கழகத்தின் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு போனபோது, மக்சிக் வேலிக்கு மேலே ஒரு தட்டு குவே நீட்டினார். அண்ணன் வாங்கிக்கொண்டு, தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கையைக் காட்டி விளக்கினார். நான் கேட்ட கேள்விக்குப் பதில், ஒரு வழியாக, அவர் வாயாலேயே வந்தது.