எந்தத் தகுதியில் எழுதுகிறாய்?

போன வருடம் எங்கள் ஊர்ப் பஞ்சமி நிலம் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். நான் வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். கட்டுரையைப் படித்த துறைப் பேராசிரியர் ஒருவர் தேநீர் நேரத்தில் கேட்டார்: "வரலாறு உன் சப்ஜெக்ட் இல்லையேப்பா, எந்தத் தகுதியில எழுதுற?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்படிச் சிரித்ததுதான் இன்றுவரை உறுத்துகிறது.

தகுதி ஒன்றும் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் காட்டை 'டி.சி. நிலம்' என்பார் தாத்தா. அதில் கரும்பு போட்டிருந்தவர் ஊர்த்தெருக்காரர். டி.சி. என்றால் என்னவென்று தாத்தாவுக்குத் தெரியாது. தேடினேன். டிப்ரஸ்டு கிளாஸ். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கை, அதையொட்டி வந்த அரசாணை, ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த நிலம் பிற சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனை. இருபது வருடப் படிப்பில் யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்கு நான்கு முறை அலைந்த பிறகு, அ பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தேன்.

ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் கோயில் சிற்பம் பற்றி எழுதினால் அது ரசனை. பொறியாளர் தன் சாதியின் 'ஆண்ட வரலாறு' எழுதினால் வெளியீட்டு விழாவுக்குத் துணைவேந்தரே வருகிறார். அவர்களிடம் யாரும் பட்டம் கேட்பதில்லை. சேரியிலிருந்து ஒருவன் 'இந்த நிலம் யாருடையது?' என்று கேட்டால் மட்டும் துறை, முறையியல், தகுதி எல்லாம் வந்துவிடும்.

அம்பேத்கரிடமே கேட்டார்கள் தோழர்களே. 1946இல் வந்த 'சூத்திரர்கள் யார்?' நூலின் முன்னுரையைப் படியுங்கள். சமஸ்கிருதப் புலமை தனக்கு இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதனால் பேசும் உரிமை போய்விடாது என்றும் சொல்கிறார். அயோத்திதாசர் சித்த மருத்துவர். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, சாகும்வரை வாராவாரம் வரலாறும் சமயமும் சொல்லாராய்ச்சியும் எழுதினார். அவர் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வந்தது 1999இல். அவர் இறந்து 85 வருடம் கழித்து! அதுவரை நிபுணர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

தடுப்பூசி வேண்டாம் என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவனும் ஆர்வத்தில்தானே எழுதுகிறான் என்று கேட்கலாம். இல்லை. அவனிடம் கேள்வியே கிடையாது, முடிவு மட்டும்தான் இருக்கிறது. நானும் தப்பு செய்தேன். திரமென்ஹீர் அறிக்கையின் ஆண்டை 1892 என்று எழுதிவிட்டேன். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் போன் செய்து, "தம்பி, அறிக்கை 1891, ஆணைதான் 1892" என்றார். திருத்தினேன், திருத்தியதை எழுதவும் செய்தேன். அவர் அதோடு விடவில்லை. ஒப்படைப்புப் பட்டாவை எப்படிப் படிப்பது என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். அவரும் வரலாற்றுத் துறைக்காரர் இல்லை.

அந்த நிலம் எந்த வருடம், யார் கையெழுத்தில் கைமாறியது என்பது இன்னும் தெரியவில்லை. வில்லங்கச் சான்றுக்கு மனுப் போட்டிருக்கிறேன். வந்ததும் எழுதுவேன். பேராசிரியருக்கும் ஒரு பிரதி உண்டு.