சேரிக்கும் ஒரு வெளியுறவுக் கொள்கை வேண்டும்



2023 செப்டம்பர் 9 அன்று டெல்லியில் கூடிய ஜி-20 மாநாட்டில் ஆப்பிரிக்க ஒன்றியம் நிரந்தர உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. ஒன்றியத்தின் அன்றைய தலைவர், கொமொரோஸ் நாட்டு அதிபர் அசாலி அசூமானியை இந்தியப் பிரதமர் கட்டித் தழுவிய படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஜி-20 தொடங்கிய 1999லேயே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அங்கே இடம் இருந்தது. 55 நாடுகள் கொண்ட ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு ஒரு நாற்காலி போட 24 வருஷம் ஆனது. போடவைத்த பெருமை எங்களுக்குத்தான் என்று இந்திய அரசு மார்தட்டிக்கொண்டது.

தாம்பரத்தில் உட்கார்ந்துகொண்டு ஆப்பிரிக்காவுக்குத் தலையங்கமா, இங்கே பஞ்சமி நிலம் கிடக்கு, சுடுகாட்டுப் பாதை கிடக்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். வெளியில் நிறுத்தப்பட்ட ஒரு கண்டம் எப்படி உள்ளே வந்தது என்பது நமக்குப் பாடம். அதைக் கைபிடித்துக் கூட்டி வந்ததாகச் சொல்லும் அரசு, நம்மை எந்த வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது என்பது நம்முடைய கேள்வி. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

இந்த ஊருக்கே அந்தக் கண்டத்தோடு ஒரு பழைய தொடர்பு உண்டு. 1938 டிசம்பரில் தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகத்தில் உலக மிஷனரி மாநாடு நடந்தது. சுமார் 70 நாடுகளிலிருந்து 470 பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் தென்னாப்பிரிக்காவின் ஆல்பர்ட் லுத்துலி. குரூட்வில் என்ற ஊரின் தலைவர். அன்றைக்கு ஆப்பிரிக்கா மொத்தமும் வெள்ளையன் பிடியில் இருந்தது. எத்தியோப்பியாவையும் 1936ல் முசோலினி விழுங்கிவிட்டான். கறுப்பர் ஆட்சி என்று சொல்ல லைபீரியாவைத் தவிர வேறு நாடு இல்லை. கண்டத்துக்காகப் பேச எந்த அரசும் இல்லாததால் சபையின் பிரதிநிதியாகத்தான் லுத்துலி இங்கே வர முடிந்தது.

1952ல் அவர் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் தலைவரானார். 1960ஆம் ஆண்டின் அமைதி நோபல் அவருக்குக் கிடைத்தது. 1967ல் ரயில் பாதையில் அடிபட்டுக் கிடந்தார். ரயில் மோதிச் செத்தார் என்று வெள்ளை அரசு ஃபைலை மூடியது. 58 வருஷம் கழித்து, 2025 அக்டோபரில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் உயர்நீதிமன்றம் அந்த விசாரணை முடிவை ரத்து செய்தது. அடித்துத்தான் கொன்றார்கள், அதில் போலீசுக்குப் பங்கு உண்டு என்று தீர்ப்பளித்தது. அதிகாரம் கைக்கு வந்த சனம்தான் தன் பிணத்துக்கு நியாயம் கேட்டு வாங்க முடிகிறது. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்டபோது போலீஸ் துப்பாக்கிக்குப் பலியான ஜான் தாமசையும் ஏழுமலையையும் நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்.

ஆப்பிரிக்கா எப்படி மேலே வந்தது? யாரோ மனசு இரங்கிக் கொடுத்தது எதுவும் அங்கே இல்லை. ஐ.நா.வில் அதற்கு 54 ஓட்டு. 193 நாடுகளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். பாதுகாப்பு சபையில் நிரந்தர இடம் கேட்கிற இந்தியாவுக்கு மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 129 ஓட்டு வேண்டும். ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு அந்தக் கணக்கு தேறாது. காங்கோவில் உலகத்தின் கோபால்ட்டில் பாதிக்கு மேல் கிடைக்கிறது. செல்போன் பேட்டரிக்கும் மின்சாரக் காருக்கும் அது வேண்டும். சீனா 2000லேயே தனி மாநாடு போட்டு உள்ளே போய்விட்டது. எல்லோரும் கதவைத் தட்டும்போது வீட்டுக்காரன் பேரம் பேசக் கற்றுக்கொள்கிறான். 2022 மார்ச்சில் உக்ரைன் பிரச்சினையில் ரஷ்யாவைக் கண்டித்து ஓட்டெடுப்பு வந்தபோது 17 ஆப்பிரிக்க நாடுகள் ஒதுங்கி நின்றன. 2023 டிசம்பரில் காசாவுக்காக இஸ்ரேலைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது தென்னாப்பிரிக்கா. 2025 நவம்பரில் ஜோகன்னஸ்பர்க்கில், ஆப்பிரிக்க மண்ணில் முதல்முறையாக, ஜி-20 கூடியது. அமெரிக்கா புறக்கணித்தது. அது வராமலேயே பிரகடனம் நிறைவேறியது.

இதில் நாம் உற்றுப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. 2005ல் ஆப்பிரிக்க நாடுகள் எசுல்வினி என்ற இடத்தில் கூடி ஒரு முடிவெடுத்தன. பாதுகாப்பு சபையில் எங்களுக்கு இரண்டு நிரந்தர இடம் வேண்டும், வீட்டோ அதிகாரத்தோடு வேண்டும் என்பது அந்த முடிவு. 2024 செப்டம்பரில் அமெரிக்கா இரண்டு இடத்துக்குச் சம்மதம் என்றது. வீட்டோ மட்டும் கிடையாதாம். நாற்காலி தரேன், ஆனா பேசாதே!

இது நமக்குப் புதுசா? பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996லிருந்து பத்து வருஷம் தனித்தொகுதி ஊராட்சித் தேர்தலையே ஒழுங்காக நடத்த விடவில்லை. 2020ல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்து, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து கூட்டம் நடத்தினார்கள். அதிகாரம் இல்லாத நாற்காலி வெறும் மரக்கட்டை என்று ஆப்பிரிக்கா உலகத்துக்குச் சொல்கிறது. நாம் ஊராட்சி மன்றத்தில் சொல்வதும் அதையேதான்.

இனி கட்டித் தழுவிய கைகளுக்கு வருவோம். 1946ல் இந்திய அரசு ஐ.நா.வில் தென்னாப்பிரிக்காமீது புகார் கொடுத்தது. அங்குள்ள இந்தியர்களை நிறவெறியோடு நடத்துகிறார்கள் என்பது புகார். நியாயமான புகார். அதே 1946ல் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டு பாய்சுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐ.நா.வுக்குக் கொடுக்கும் மனுவின் நகல் கேட்டார். நம் மக்கள் நிலையையும் அங்கே வைக்க முடியுமா என்பது அவர் யோசனை. அறிக்கையும் தயாரித்தார். ஆனால் அரசியல் சட்ட அவைக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று அதை அனுப்பாமல் நிறுத்தினார். 1951ல் மந்திரிப் பதவியை விட்டு விலகியபோது அவரே இதைச் சொன்னார். அரசாங்கத்தின் மனு போய்ச் சேர்ந்தது. நம் மனு மேசையிலேயே தங்கிவிட்டது.

1965ல் ஐ.நா.வின் இனப்பாகுபாடு ஒழிப்பு உடன்படிக்கை உருவானபோது, 'வம்சாவளி' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னதே இந்தியாதான். அந்தச் சொல் சாதியையும் குறிக்கும் என்று பின்னாளில் ஐ.நா. குழு விளக்கம் சொன்னதும், இல்லவே இல்லை என்று அதே இந்தியா மறுத்தது. அந்த மறுப்பை உலகமே பார்த்த இடம் டர்பன். 2001 ஆகஸ்ட் கடைசியில் அங்கே இனவெறிக்கு எதிரான உலக மாநாடு. நூற்றுக்கும் மேற்பட்ட தலித் தோழர்கள் போனார்கள். தன்னார்வ அமைப்புகளின் அரங்கில் சாதிக் கொடுமை உரக்கப் பேசப்பட்டது. அரசுகள் கூடிய அரங்கிலோ, 'தொழிலும் வம்சாவளியும்' சார்ந்த பாகுபாடு பற்றிய பத்தி இறுதி ஆவணத்தில் இடம்பெறாமல் போனது. இந்தியா பிடித்த பிடி அப்படி. எந்த ஊரில் என்று கவனியுங்கள். 1860ல் சென்னையிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் நம் சேரி ஆட்களையும் கரும்புக் கூலிகளாக இறக்கிய அதே டர்பனில்!

நிறவெறியை ஒழித்த மண்ணில் நடந்த மாநாட்டில்கூட அரசுகள் நமக்காக இந்தியாவைப் பகைத்துக்கொள்ளவில்லை. அரசுக்கு அரசு செய்யும் நட்பில் சேரிக்கு இடமில்லை. ஆனால் மக்களுக்குக் கண் இருக்கிறது. 2016ல் கானா பல்கலைக்கழகத்தில் இந்தியக் குடியரசுத் தலைவர் திறந்துவைத்த காந்தி சிலையை, கறுப்பர்களைப் பற்றி அவர் எழுதியதைக் காட்டிப் பேராசிரியர்களும் மாணவர்களும் எதிர்த்தார்கள். 2018ல் அது எடுக்கப்பட்டது. எந்த அரசும் சொல்லி அவர்கள் அதைச் செய்யவில்லை.

டெல்லியின் தழுவல் எங்க ஏரியாவில் எப்படி இருக்கிறது என்றும் சொல்கிறேன். சேலையூர், மேடவாக்கம், பல்லாவரம் பக்கம் தனியார் கல்லூரிகளில் படிக்க ஆப்பிரிக்க மாணவர்கள் வருகிறார்கள். ஒரு நைஜீரியத் தம்பியோடு நான் வீடு தேடி அலைந்திருக்கிறேன். டூ-லெட் போர்டு தொங்கும். ஆளைப் பார்த்ததும் "வீடு போயிடுச்சுப்பா" என்பார்கள். ஒரு வீட்டுக்காரர் அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன ஆளுங்க?" என்றார். வெளியே வந்ததும் அவர் என்ன கேட்டார் என்று அந்தத் தம்பி கேட்டான். விளக்கிச் சொல்ல எனக்கு அரைமணி நேரம் ஆச்சு. அவனுக்குப் புரிந்துகொள்ள அவ்வளவு நேரம் ஆகவில்லை.

ஆனால் அவனுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம். 2016 மே மாதம் டெல்லியில் ஒரு காங்கோ இளைஞரை அடித்துக் கொன்றபோது, ஆப்பிரிக்கத் தூதர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஆப்பிரிக்க நாள் விழாவையே தள்ளிவைக்கச் சொன்னார்கள். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் மாணவர்களை அடித்தபோது, இது நிறவெறி, ஐ.நா. விசாரிக்கட்டும் என்று கூட்டறிக்கை விட்டார்கள். இந்திய அரசு பதறியது. மேலவளவில் ஏழு பேரை வெட்டியபோது எந்தத் தூதர் வந்தார்? வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தபோது எந்த நாடு அறிக்கை விட்டது?

இன்னொன்று. 2023ல் சென்னை ஐ.ஐ.டி. தான்சானியாவின் சான்சிபாரில் வளாகம் திறந்தது. வெளிநாட்டில் ஐ.ஐ.டி.யின் முதல் வளாகம். ஆப்பிரிக்கப் பிள்ளைகள் படிக்கட்டும், மகிழ்ச்சி. ஆனால் 2015ல் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்துக்குத் தடை போட்டு, போராட்டம் வெடித்த பிறகு அங்கீகாரத்தைத் திருப்பிக் கொடுத்ததும் இதே நிறுவனம்தான். கடல்தாண்டிப் போன கல்விக்கு, அடையாற்றுப் பக்கத்துக் குடிசைகள் மட்டும் ஏன் இன்னும் தூரமாகவே இருக்கின்றன?

ஆப்பிரிக்காவைப் புனிதமாக்கிப் பேசவும் நான் வரவில்லை. அங்கேயும் ராணுவ ஆட்சிகள் உண்டு, சூடானில் சனம் செத்துக்கொண்டிருக்கிறது, கடன் கழுத்தை நெரிக்கிறது. அங்கேயும் பிறப்பால் தாழ்த்தப்பட்டவர்கள் இருக்கிறார்கள். நைஜீரியாவில் ஓசு மக்கள். மவுரித்தானியாவில் ஹராத்தீன் மக்கள். 1981 வரைக்கும் அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்படவே இல்லை. டர்பனில் வெட்டப்பட்ட அந்தப் பத்தி இவர்களுக்கும் சேர்த்துத்தான். நம் உறவு முதலில் இவர்களோடு.

ஆகவே சேரிக்கு ஒரு வெளியுறவுக் கொள்கை வேண்டும் என்கிறேன். அது பெரிய பேச்சு இல்லை. மூன்று வேலை.

ஒன்று, கல்லூரித் தோழர்கள் தங்கள் வகுப்பில் இருக்கும் ஆப்பிரிக்க மாணவர்களைப் படிப்பு வட்டத்துக்கு அழையுங்கள். அவர்கள் வரலாற்றை அவர்கள் வாயால் கேளுங்கள், நம்முடையதைச் சொல்லுங்கள். வீடு தேடும்போது கூடப் போங்கள்.

இரண்டு, தமிழ்நாட்டில் ஏழு தனித்தொகுதி எம்.பி.க்கள் இருக்கிறார்கள். பக்கத்துக் காஞ்சிபுரமும் தனித்தொகுதிதான். ஐ.நா.வில் சாதி என்றதும் இந்தியா ஏன் கதவடைக்கிறது என்று நாடாளுமன்றத்தில் கேட்கச் சொல்லி மனு கொடுப்போம். ஓட்டுக் கேட்டு வரும்போதும் கேட்போம்.

மூன்று, 2025ஆம் ஆண்டை ஆப்பிரிக்க ஒன்றியம் இழப்பீட்டு நீதிக்கான ஆண்டாக அறிவித்தது. அடிமை வணிகத்துக்கும் காலனியக் கொள்ளைக்கும் கணக்குக் கேட்கிறார்கள். 1892ல் நமக்கென்று ஒதுக்கிப் பின்னால் பறிக்கப்பட்ட பஞ்சமி நிலமும் அந்த மாதிரி ஒரு கணக்குத்தான். அவர்களுடைய ஆவணங்களைத் தமிழில் கொண்டு வருவோம். நம்முடையதை அவர்களுக்கு எழுதுவோம்.

அண்ணல் 1946ல் எழுதிய கடிதத்துக்கு டு பாய்ஸ் பதில் போட்டார். கடிதப் போக்குவரத்தை மறுபடியும் தொடங்க வேண்டியது இப்போது நம் வேலை. அதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.

ஜெய்பீம்.

தோழமையுடன்,
ஆசிரியர்