வீட்டின் மௌனமும் பிள்ளையின் வாக்கும்

“சிறுபிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?” என்பது தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் வினாவாகவன்றித் தீர்ப்பாகவே ஒலித்து வருகின்றது. படிப்பைக் கெடுக்கும் பொருள்களுள் ஒன்றாக அரசியல் கணிக்கப்படுகின்றது. தேர்தல் பற்றிய பேச்சு எழுந்ததும் பிள்ளை புத்தகத்தோடு உள்ளறைக்கு அனுப்பப்படுகின்றது. இதனால் பிள்ளை அரசியலிலிருந்து காக்கப்படுவதாகப் பெற்றோர் நம்புகின்றனர். உண்மையில் இவ்வழக்கம் அரசியல்களுள் மிக மோசமானதொன்றையே பிள்ளைக்குக் கற்பிக்கின்றது.

உள்ளறைக்கு அனுப்பப்பட்ட பிள்ளையின் செவி முன்விறாந்தையிலேயே இருக்கின்றது. வேட்பாளரின் கொள்கை யாது என்று அங்கு எவரும் வினவுவதை அது கேட்பதில்லை. அவர் எந்த ஊர், என்ன சாதி, எச்சமயத்தவர், யாருக்கு வேலை எடுத்துக் கொடுத்தார் என்ற விசாரணையையே கேட்கின்றது. தந்தை தீர்மானித்ததும் தாயின் வாக்கும் அத்தீர்மானத்துள் அடங்கிவிடுவதைக் காண்கின்றது. இவையனைத்தும் பாடங்களே. காரணம் கூறாது கற்பிக்கப்படுவதால் இவை கேள்விக்குட்படாது ஆழப் பதிகின்றன. ஆகவே, வீட்டில் அரசியல் கற்பிக்கலாமா என்ற விவாதம் பொருளற்றது. ஏலவே கற்பிக்கப்பட்டுவரும் அரசியல் நியாயத்தின்பாற்பட்டதா, முணுமுணுப்பின்பாற்பட்டதா என்பதே ஆராயற்பாலது.

இலங்கையிற் சர்வசன வாக்குரிமை 1931 இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்தோருள் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். பொதுமக்கள் வாக்களிக்குமளவுக்குப் பக்குவப்படவில்லை என்பதே அன்றைய எதிர்ப்பின் சாரம். இன்று பிள்ளைகளை நோக்கிக் கூறப்படுவதும் அதுவே. அதே ஆண்டில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பூரண சுயராச்சியத்தை வலியுறுத்தி அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு அறைகூவியது. வடக்கின் நான்கு தொகுதிகள் உறுப்பினரின்றி விடப்பட்டன. 1934 இலேயே அவை நிரப்பப்பட்டன. அப்பகிஷ்கரிப்பு இலட்சியத் துணிவா, அரசியல் தவறா? பன்னிரண்டு வயதுப் பிள்ளை இவ்வினாவில் இரு பக்கமும் நின்று வாதிட வல்லது. இராச்சாப்பாட்டு வேளையில் அத்தகைய வாதத்துக்கு இடமளிக்கும் வீடுகள் எத்தனை?

மலையகத்தின் நிலை இதனினும் கூர்மையானது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. 1948 இன் குடியுரிமைச் சட்டமும் 1949 இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. எஞ்சிய நாடற்றோர் குடியுரிமை பெற 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பாட்டனுக்கு வாக்கில்லாதிருந்தமையின் காரணத்தை லயத்துப் பிள்ளை வீட்டிலேயே அறிதல் வேண்டும். அதனை அறிந்த பிள்ளை, பதினெட்டு வயதில் தன் கைக்கு வரும் வாக்குச்சீட்டை ஒரு கூரைத்தகரத்துக்கு ஈடாக எண்ணாது.

பெற்றோரின் மௌனத்துக்கு அச்சமும் ஒரு காரணம் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அரசியல் பேசிய இளைஞர் ஆயிரக்கணக்கில் மாண்ட நாடு இது. பிள்ளையைக் காக்க வாய்மூடிய தாயைப் பழிப்பதற்கு எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், அம்மௌனம் பிள்ளையைக் காத்ததா என்று வினவுதல் தகும். வீட்டிற் கேட்க இயலாத வினாவோடு இளைஞன் தெருவுக்குச் சென்றான். அங்கே ஒரே விடை, மறுப்புக்கு இடந்தராத விடை, அவனுக்காக ஆயத்தமாயிருந்தது. பல விடைகளை ஒப்பிட்டு நோக்கும் பழக்கத்தை வீடு அவனுக்கு அளித்திருக்கவில்லை.

பாடசாலையிற் குடியியல் கற்பிக்கப்படுகின்றதே என்பர் சிலர். பரீட்சைக்காக மனனஞ்செய்த திகதிகள் அரசியலறிவாகா. 1982 டிசெம்பரில் விளக்கும் குடமும் சின்னங்களாக நடைபெற்ற சர்வசன வாக்கெடுப்பு, 1977 இல் தெரிவான பாராளுமன்றத்தின் ஆயுளைப் பொதுத் தேர்தலின்றியே நீடித்தது. அவ்வாண்டை மாணவன் எழுதிப் புள்ளி பெறலாம். ஒரு தேர்தலை வாக்களித்தே இழப்பது சனநாயகமாகுமா என்னும் வினாவுக்குப் புள்ளியில்லை. ஆதலின் அது கேட்கப்படுவதுமில்லை. நடைமுறையறிவும் குறைவே. 2024 நவம்பர்ப் பொதுத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் எதிர்ப்பைக் காட்ட வேண்டுமென்றே பழுதாக்கப்பட்டவை சில இருக்கலாம். எனினும், ஒரு கட்சிக்குப் புள்ளடியிட்டு, அதன் வேட்பாளருள் மூவருக்கு மேற்படாது விருப்பு வாக்கு அளிக்கும் முறையை ஒரு மாதிரிச் சீட்டைக் கொண்டு சாப்பாட்டு மேசையிலேயே விளக்கிவிடலாம்.

வீடு கற்பித்தாற் பிள்ளை பெற்றோரின் கட்சிக்கே அடிமையாகும் என்ற வாதம் வலுவுடையது. கட்சிக்கொடியைப் பிள்ளையின் கையிற் கொடுத்து ஊர்வலத்துக்கு அழைத்துச் செல்லுதல் கல்வியாகாது. பெற்றோர் தம் முடிவைத் திணிக்காது, முடிவுக்கு வந்த வழியைக் காட்டுதல் வேண்டும். ஒரே செய்தியை இரு பத்திரிகைகளில் வாசிக்கச் செய்தலும், சென்ற தேர்தலில் தாம் ஏமாந்ததை ஒப்புக்கொள்ளுதலும், தாயும் தந்தையும் வேறுவேறாக வாக்களிக்கலாம் என்பதைப் பிள்ளை காணச் செய்தலும் இதற்குப் போதுமானவை. வாக்கு இரகசியமானது, குடும்பத் தலைவனுக்கும் அது இரகசியமே.

தந்தையை வினவ அனுமதிக்கப்படாத பிள்ளை நாளை அமைச்சரை வினவப் போவதில்லை. வேட்பாளர் இதனை நன்கறிவர். வீட்டின் மௌனத்தால் இலாபமடைவோர் அவர்களே. நட்டமடைவது பிள்ளையும், அப்பிள்ளை வாழவேண்டிய நாடும்.