வீடும் பத்திரமும்

கம்பம் பள்ளத்தாக்கில் இப்போது நெல்லைவிட வேகமாக விளைவது மனைக்கல்தான் என்று அல்லிநகரத்தில் நின்று நாலு திசையும் பார்ப்பவர்களுக்குத் தோன்றும். 1895-இல் முல்லைப் பெரியாற்று அணை முடிந்து தண்ணீர் கிழக்கே திரும்பிய நாள் முதல் நஞ்சைக்குப் பெயர்பெற்ற பூமி இது. 1996-இல் தேனி தனி ஜில்லாவாயிற்று. 2010-ஆம் வருஷக் கடைசியில் நின்றுபோன ரயில், அகலப் பாதையாக 2022-இல் தேனிக்கும் 2023-இல் போடிக்கும் திரும்பி வந்தது. ஜில்லா வந்ததும் நிலத்தின் விலை ஏறிற்று. ரயில் வந்ததும் விலையோடு ஆசையும் ஏறிற்று.

இந்த ஆசையை நாம் இகழவில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியரும், ஏலக்காய்த் தோட்டத்தில் உழைத்துச் சேர்த்தவரும், பட்டாளத்திலிருந்து திரும்பிய சிப்பாயும் ஒரு மனை வாங்கவோ, இரண்டு அறை கட்டி வாடகைக்கு விடவோ விரும்புவது நியாயமே. ஆனால் இவர்கள் வாய்ச்சொல்லை நம்பிப் பணத்தைக் கொடுக்கிறார்கள். வாய்ச்சொல்லை நம்பியே வீட்டையும் விடுகிறார்கள். பெரிய முதலாளிக்கு ஒரு மனை போனால் கணக்கில் ஒரு வரி குறையும். சிறியவருக்கோ வாழ்நாள் சம்பாத்தியமே போய்விடும். அதனால்தான் சில வார்த்தைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, வாங்கும் விஷயம். பட்டா ஒன்றே பாத்தியதை ஆகாது. தாய்ப்பத்திரத்தின் அசலைக் கண்ணால் காணவேண்டும், நகல் போதாது. குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று எடுக்கவேண்டும். பட்டா, சர்வே நம்பர், நான்கெல்லை ஆகியவை பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று நிலத்தில் நின்று அளந்து பார்க்கவேண்டும். நிலத்துக்குடையவர் நேரில் வராமல், அதிகாரப் பத்திரம் பெற்ற ஏஜெண்டு மட்டும் வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். பதிவான கிரயப் பத்திரம் இல்லாமல், வெறும் அதிகாரப் பத்திரத்தாலும் உடன்படிக்கையாலும் நிலம் கைமாறாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2011-இலேயே தெளிவாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

சில நிலங்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடக்கூடாதவை. கோயில் நிலமும் கண்மாய்ப் புறம்போக்கும் அப்படிப்பட்டவை. பூதான நிலம் நிலமில்லாத ஏழைக்கென்று கொடுக்கப்பட்டது. 1892-ஆம் வருஷ உத்தரவின்படி தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் நிபந்தனைகளோ யாவரும் அறிந்தவை. இவற்றை வாங்குகிறவர் வழக்கை மட்டும் விலைக்கு வாங்கவில்லை; ஒரு ஏழையின் வாயிலிருந்த கவளத்தையும் வாங்குகிறார்.

மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா என்பது அடுத்த கேள்வி. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தடை விதித்தபோது எத்தனை குடும்பங்கள் கையிலிருந்த மனையை விற்கவும் முடியாமல், வீடு கட்டவும் முடியாமல் திகைத்தன என்பது பலருக்கும் நினைவிருக்கும். அதே வருஷம் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ஆணையத்தில் பதிவு செய்த பின்னரே விற்கவேண்டுமென்று விதிக்கிறது. பதிவான ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்திலொரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்குவதையும் அது தடுக்கிறது. ஆகவே, “இன்றைக்கே பாதிப் பணம் கட்டினால்தான் இந்த விலை” என்று அவசரப்படுத்துகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவதே புத்திசாலித்தனம். வரைபடத்தில் பூங்காவென்று காட்டிய இடம் பிற்பாடு மனையாக விற்கப்படுகிறதா என்பதையும் கவனிக்கவேண்டும்.

இரண்டாவது, கணக்கு. “வாடகையே கடன் தவணையைக் கட்டிவிடும்” என்பது தரகர்களின் மந்திரம். அதைச் சற்றுக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 40 லட்சம் ரூபாய்க்கு வீடு வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். ஆக 3,60,000 ரூபாய் இதற்கே போகிறது. மாத வாடகை 10,000 என்றால் வருஷத்துக்கு 1,20,000. ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்து, வரிக்கும் வெள்ளையடிப்புக்கும் பழுதுக்கும் 20,000 செலவானால் மிஞ்சுவது 90,000. போட்ட முதலில் நூற்றுக்கு இரண்டு ரூபாய்தான்! இதில் 30 லட்சம் 9 சதவிகித வட்டிக்கு வாங்கிய கடனானால், முதல் வருஷ வட்டி மாத்திரம் சுமார் 2,70,000. மிச்சத்தை யார் கட்டுவது? விலை ஏறும் என்ற நம்பிக்கை கட்டுமா? சம்பளத்திலிருந்து தவணை கட்டச் சக்தியுள்ளவர் வாங்கட்டும். வாடகையையே நம்பியிருப்பவர் பொறுத்திருக்கட்டும்.

மூன்றாவது, வாடகைக்கு விடும் விஷயம். யுத்தத்தை அடுத்து 1946-இலும், பின்பு 1949-இலும், 1960-இலும் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களின் காலம் போய்விட்டது. 2017-ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமுலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும்; வாடகை அதிகாரியிடம் அது பதிவாகவேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கலாகாது. வீட்டைப் பார்க்கச் செல்லுமுன் 24 மணி நேர அறிவிப்புத் தரவேண்டும். குடித்தனக்காரரை வெளியேற்றத் தண்ணீரையும் விளக்கையும் நிறுத்துவது சட்டவிரோதம். இவற்றைக் கேட்டு வீட்டுக்காரர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம். கெடு முடிந்தும் காலி செய்யாதவரிடம் முதல் இரண்டு மாதங்களுக்கு இரட்டை வாடகையும், அப்பால் நான்கு மடங்கும் கேட்கும் உரிமையை அளிப்பதும் இதே சட்டந்தான். எழுதாமல் விட்டவர் எதைக் காட்டி அதைக் கேட்பார்?

கடைசியாக, நம் பக்கத்து வழக்கமான ஒத்தியைப் பற்றிச் சொல்லியே தீரவேண்டும். வாடகையில்லை, வட்டியில்லை, சில லட்சங்களைக் கொடுத்து வீட்டில் குடியிருந்து, கெடு முடிந்ததும் பணத்தைத் திரும்பப் பெற்றுப் போவது என்பது கேட்க இனிமையாகவே இருக்கிறது. ஆனால் ஒத்திப் பணம் வருமானமல்ல, கடன். அதை மகள் கல்யாணத்தில் செலவிட்ட வீட்டுக்காரர், கெடு வந்ததும் இன்னொரு ஒத்திக்காரரைத் தேடி அலைகிறார். புதியவர் கிடைக்காவிட்டால் பழையவர் வெளியேறுவதில்லை. மனஸ்தாபம் கோர்ட்டுக்குப் போகிறது. 1882-ஆம் வருஷச் சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் பெறுமான ஒத்திக்கு இரண்டு சாட்சிகளோடு கூடிய பதிவுப் பத்திரம் வேண்டும். சாதாரண முத்திரைக் காகிதத்தில் கையெழுத்திட்டுக் கொள்வது இரு தரப்பாரும் தங்களையே ஏமாற்றிக் கொள்வதாகும். வீடு ஏற்கெனவே பாங்கியில் அடமானமாயிருந்தால், பின்னால் வந்த ஒத்திக்காரரின் கதி என்ன? வாங்கிய பணத்தில் பாதியையேனும் பாங்கியில் வைப்பாக வைக்க முடியாதவர் ஒத்திக்கு விடாதிருப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.

சர்க்காருக்கும் நகரசபைக்கும் ஒரு வார்த்தை. ஜில்லாவில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளின் ஜாபிதா நகரசபை வாசலிலும் சார்பதிவாளர் கச்சேரியிலும் எல்லோரும் படிக்கும்படி தமிழில் தொங்கட்டும். வாடகை அதிகாரியின் முன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய ஏழை வீட்டுக்காரரும் கூச்சமின்றிச் செல்லும்படி, எளிய மாதிரிப் படிவங்கள் இலவசமாகக் கிடைக்கட்டும். இருபோக நஞ்சையை மனையாக்க அனுமதி கேட்டு வரும் மனு ஒவ்வொன்றையும் அதிகாரிகள் ஒரு முறைக்கு இரு முறை யோசித்துப் பார்க்கட்டும். வீட்டை எங்கும் கட்டலாம், பெரியாற்றுத் தண்ணீர் எங்கும் பாயாது.

எழுதிக்கொள்வது அவநம்பிக்கையின் அடையாளம் என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். அது தவறு. அண்ணன் தம்பிக்குள்ளும் எழுதி வைத்தவை நிலைத்திருக்கின்றன. எழுதாதவை கோர்ட்டு வாசலில் கிடக்கின்றன. சொத்தைக் காப்பது பூட்டல்ல, பத்திரம். அந்தப் பத்திரம் வீட்டுக்காரரைக் காப்பதுபோலவே குடித்தனக்காரரையும் காக்கவேண்டும். அல்லிநகரத்துச் சிறு வீட்டுக்காரர்கள் இதை மற்ற ஊர்களுக்கு முன்மாதிரியாக நடத்திக் காட்டுவார்களாக.